மூச்சு இருக்கும்போதே வந்த லொறி

இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். என் தங்கச்சியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், அந்த ஒரு தோட்டத்தில் மட்டும்தான் இப்படி என்று மற்றத் தோட்டத்துக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் பல வருஷம் நின்றபடி வேலை பார்த்தவள் நான். அங்கே சம்பாதித்துக்கொண்டு வந்தது சிங்களமும் கோபமும்தான். இப்போது ஹட்டன் டவுனில், ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் இருக்கிறேன். என் தங்கச்சி எனக்கு நேர் எதிர். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள்.

அவளுக்கு வெகு நாள் காத்திருந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் சளி. மாமியாருக்குத் தடிமன், அது பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்று போனில் சொன்னாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினார்களாம். பாணி மருந்து கொடுத்து, "சளி தான், போயிரும்" என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. அந்தக் குளிரில், மழைக் காலத்தில், சளி பிடிக்காத பிள்ளை எந்த லயத்து வரிசை வீட்டில் இருக்கிறது?

பௌர்ணமிக்கு வருகிற போயா நாளுக்குக் கடை லீவு. பிள்ளையைப் பார்க்கலாம் என்று கிளம்பிப் போனேன். தங்கச்சி குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்ததும் எனக்கே மூச்சு முட்டியது. குளிர் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னலில் சாக்கை அடைத்திருந்தார்கள். ஒரு பக்கம் விறகு அடுப்பு, இன்னொரு பக்கம் சாம்பிராணி. அந்தப் புகைக்கு நடுவில் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி உட்கார்ந்திருந்தாள்.

"பால் குடிக்க மாட்டேங்குறாக்கா. ரெண்டு வாய் உறிஞ்சுறா, ஒடனே விட்டுர்றா" என்றாள்.

கம்பளியை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்க் குழி விழுந்தது. கழுத்துக்குக் கீழேயும் ஒரு குழி. தலை மூச்சோடு சேர்ந்து ஆடியது. உதடு நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் ஒரு பச்சைப் பிள்ளை மூச்சு விடுவதற்கே இவ்வளவு பாடுபடக் கூடாது என்று தெரிய, படித்திருக்க வேண்டுமா என்ன?

தங்கச்சி புருஷன் வீட்டில் இல்லை. லீவு நாள் என்று நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக் கூலிக்குப் போயிருந்தார். நான் இலவச ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உடனே கிளம்பினார்கள். ஆனால் தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் மண் சரிந்து கிடந்தது. சின்ன வண்டி ஏறாது, பிள்ளையை மெயின் ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்தச் சேற்றில் தினமும் ஏறி இறங்குவது ஒன்றே ஒன்றுதான், தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற தோட்டத்து லொறி.

பேக்டரி வாசலில் அது சும்மா நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பலகையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"பெரிய தொரை ஓடர் இல்லாம எடுக்க முடியாதுங்க. எனக்கு வேல போயிரும்" என்றார்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் சாரத்தோடு வெளியே வந்து, தோட்டத்து மேனேஜர் துரை கொழும்புக்குப் போயிருப்பதாகச் சொன்னார். துரைக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். சளிக்கு லொறி கேட்டு லீவு நாளில் துரையைத் தொந்தரவு பண்ண முடியாது என்றார். டிஸ்பென்சரியில் ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, நாளைக்குக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் வந்தால் பார்க்கலாம் என்றார். பிள்ளைக்கு மூச்சு வரவில்லை ஐயா என்று கத்தினேன். "கத்தி என்னம்மா பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மரியாதையாகத்தான் சாத்தினார். அந்த மரியாதையைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மழையில், மலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில், தேயிலைக்கு நடுவே நானும் தங்கச்சியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நான் முன்னே, அவள் பின்னே. வழுக்கி விழாமல் எப்படி வந்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸில் வந்த பையன்கள் பாதி வழிக்கு ஏறி வந்து எங்களை எதிர்கொண்டார்கள். அங்கேயே, மழையில், ஒட்சிசன் வைத்தார்கள்.

டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் பிள்ளையைப் பார்த்ததும் வேறு பேச்சுப் பேசவில்லை. இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றார். அவர்களே இன்னொரு வண்டி ஏற்பாடு செய்து, ஒரு டொக்டரையும் கூட அனுப்பினார்கள். மலை வளைவுகளில் இறங்கும்போது பிள்ளை மூச்சை நிறுத்திவிட்டது. அந்த டொக்டர், எனக்கு மகளைப் போலச் சின்ன வயசு, முகத்தில் ஒரு மூடியை அழுத்தி, கையால் அமுக்குகிற ஒரு பையை அமுக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஆடியபோது நான் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு போனார்கள். வெகு நேரம் கழித்து ஒரு டொக்டர் வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் சொன்னார், நான் தங்கச்சிக்குச் சொன்னேன். பெரியவர்களுக்கு மூக்கொழுகுகிற சளியாக வந்து போகிற வைரஸ்தான் இது. ஆனால் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு நுரையீரலில் இருக்கும் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். அதைக் கொல்வதற்கு மருந்து இல்லை. பிள்ளையின் உடம்புதான் அதை வெல்ல வேண்டும். அதுவரைக்கும் மெஷின் மூச்சு விடும்.

"மெஷின் சுகமாக்காது. அவளுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும்" என்றார். அந்த வார்த்தையை நான் ஒரு எழுத்து விடாமல் தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள், முதலில் வைத்த மெஷின் போதவில்லை என்று வேறொன்றுக்கு மாற்றினார்கள். அது மூச்சை இழுத்து விடுவதில்லை. காற்றை அதிர வைக்கிறது. பிள்ளையின் நெஞ்சு குளிரில் நடுங்குவது போல நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். மெஷினோடு பிள்ளை மல்லுக்கட்டக் கூடாது என்று தூங்குவதற்கும் அசையாமல் கிடப்பதற்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். கண்ணில் மருந்து பூசி மூடி வைத்திருந்தார்கள். விரலைத் தொட்டால் விரல் மடியாது. இதற்கு மேலும் ஒரு வழி உண்டு, இரத்தத்தையே வெளியே எடுத்துக் காற்றுச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிற மெஷின், ஆனால் அது இந்த ஆஸ்பத்திரியில் இல்லை என்றார் டொக்டர். பாதிக்குப் பாதி என்றும் சொன்னார். அதையும் தங்கச்சிக்குச் சொன்னேன். மறைக்கவில்லை.

பின்னேரம் தங்கச்சி புருஷன் வந்து சேர்ந்தார். அந்த நேரம் பார்த்து நான் கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தேன். தங்கச்சி பால் கறக்கும் அறையில் இருந்தாள். மூக்கு வழியாக விட்ட குழாயில் பிள்ளைக்குத் தாய்ப்பால் போய்க்கொண்டிருந்தது, அதற்காக அவள் வேளா வேளைக்குக் கறந்து கொடுக்க வேண்டும். அதனால் அந்த மனுஷர் தனியாகக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சிங்களம் தெரியாத வெட்கம். வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பண்ணி அழுதிருக்கிறார்.

"மெஷின்ல போட்டுட்டாங்கம்மா. அசையவே இல்ல." இவ்வளவுதான் சொன்னாராம். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஆனால் எங்கள் லயங்களில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கொரோனாக் காலத்தில் மெஷினில் போட்டார்கள் என்று செய்தி வந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் திரும்பி வரவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. மெஷினில் போட்டுவிட்டார்கள் என்றால் முடிந்தது, சொல்வதற்குத்தான் நாள் பார்க்கிறார்கள் என்று எல்லோர் மனதிலும் ஊறிப் போயிருக்கிறது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், எனக்குப் போன் பண்ணி உண்மையா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துக்கத்தில் கேள்வி கேட்கக் கூடாதாம்.

அடுத்த நாள் காலை, சாப்பிட்டு முடித்த நேரம், தங்கச்சியின் போன் அடித்தது. பக்கத்துக் காம்பராக்காரி. போனுக்குள்ளிருந்து ஏதோ மேளச் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எம் புள்ள செத்துப் போச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தப்பு அடிக்கிறாங்களாம். யாரும் வேலைக்குப் போகலையாம். தூக்கிட்டுப் போக லொறி விடியவே கிளம்பிருச்சாம். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் ஏன்க்கா சொல்லல?"

உயிரோடு இருக்கிற தன் பிள்ளைக்கு அடிக்கிற சாவு மேளத்தைப் போனில் கேட்ட தாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அவள் என்னை நம்பவில்லை. நானும் டொக்டரும் சேர்ந்து அவளிடம் மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். வார்ட் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். வாழ்நாளில் ஒரு கதவையும் சத்தமாகத் தட்டாதவள்.

ஒரு சிங்கள நர்ஸ் கதவைத் திறந்தார். "பபா இன்னவா, அம்மே, பபா இன்னவா" என்று அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். பிள்ளை இருக்கிறது என்றுதான் சொல்கிறார் என்று நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன். இருக்கிறது என்று எதைக் காட்டுவது? பிள்ளை மரக்கட்டை மாதிரி கிடந்தது. நர்ஸ் திரையில் ஓடும் கோட்டைக் காட்டினார். தங்கச்சி அதைப் பார்க்கவில்லை. நெஞ்சு ஆடுவதைக் காட்டினார்.

"அது மெஷின் ஆட்டுது. என் கண்ணுக்குத் தெரியாதா?" என்றாள் தங்கச்சி.

உண்மையிலேயே மெஷின்தானே ஆட்டிக்கொண்டிருந்தது? அப்போது அவள், யாரும் சொல்லாமல், கையைக் கழுவி வந்து, பிள்ளையின் உச்சிக் குழியில் ஒரு விரலை வைத்தாள். தினமும் எண்ணெய் வைத்த இடம். விரலை எடுக்காமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் இறங்கியது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தாள். மெத்தென்ற அந்த இடம் படக் படக் என்று துடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மெஷின் ஏதும் இல்லை.

நாங்கள் வெளியே வரவும் லொறி வந்து சேரவும் சரியாக இருந்தது. அதே லொறி. கொழுந்துச் சாக்கு வாசனை மாறாத அதே லொறி. மேலே தார்ப்பாய்ப் படங்கு கட்டி, லயத்து ஆட்கள் நிறைந்து, வாசலில் நின்றது. பெண்கள் இறங்கும்போதே ஒப்பாரி வைத்தார்கள். வாசல்காரர் ஓடி வந்து தடுத்தார். தோட்டத்து யூனியன் தலைவர் தோளில் வெள்ளைத் துணியோடு முன்னால் வந்தார். படங்கின் ஓரம் காற்றில் தூக்கியபோது நான் உள்ளே பார்த்தேன். ஒரு பெட்டி. புதுப் பலகை. ரொட்டி கொண்டு போகிற பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது.

பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பத்திரிகையில் போட மாட்டார்கள். யார் சொன்னது பிள்ளை செத்துப் போச்சு என்று கேட்டேன். மெஷின்ல போட்டுட்டாங்கன்னு புள்ளையோட அப்பா தான் போன்ல சொன்னுச்சு என்றார் தலைவர். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்றேன். ஒப்பாரி பாதியில் நின்றது. சந்தோஷத்தில் இல்லை. என்னைப் பைத்தியம் பிடித்தவள் மாதிரி பார்த்தார்கள்.

"லொறி யாரு குடுத்தது தலைவரே?" என்று கேட்டேன்.

"தொரை தாம்மா. கொழும்புல இருக்காரு. கிளாக்கரய்யா போன் பண்ணுனாரு, ஒடனே எடுத்துக்கச் சொல்லிட்டாரு. பலகையும் ஸ்டோர்ல எடுத்துக்கச் சொன்னாரு" என்றார். நன்றியோடு சொன்னார்! துரைக்கு மனசு பெரிசு என்கிற மாதிரி.

அதே துரை. அதே கொழும்பு. அதே கிளாக்கர் வீட்டுப் போன். மூச்சுத் திணறுகிற பிள்ளைக்கு எட்டாத அந்தப் போன், பிணத்துக்கு உடனே எட்டியிருக்கிறது. டிரைவரைப் பார்த்தேன். முந்தாநாள் பீடி குடித்துக்கொண்டிருந்த அதே மனுஷர். அவர் கீழே பார்த்தார்.

மாமியார் இதற்குள் தங்கச்சியிடம் போய்விட்டார். கையில் கிழித்த பழைய சேலைத் துணி, ஒரு பொட்டலம் மல்லிகைப் பூ. நெஞ்சில் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் கொண்டு வரவில்லை. மருமகள் துடிக்கக் கூடாதே என்றுதான் கொண்டு வந்தார். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியவில்லை. உள்ளே பிள்ளைக்குக் குழாயில் போகிற பாலை வற்ற வைக்க வந்த துணியாகத்தான் அது என் கண்ணில் பட்டது. பிடுங்கி வாசல் சாக்கடையில் எறிந்தேன். அந்த அம்மாவோடு எனக்கு இன்றைக்கும் அவ்வளவாகப் பேச்சு வார்த்தை இல்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தலைவர் தங்கச்சி புருஷனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். பிள்ளை பிழைக்குமா என்று கேட்டார். பாதிக்குப் பாதி என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். குழி வெட்டியாகிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் செத்தால் அறுத்துப் பார்ப்பார்களாம். மறுபடி ஒரு தடவை லொறி கேட்டால் துரை என்ன சொல்வாரோ தெரியாதாம். இப்போதே எடுத்துக்கொண்டு போனால் சொந்த மண்ணில் கண்ணை மூடும், அந்தப் பச்சை மண்ணை ஏன் குழாய் போட்டுச் சித்திரவதை செய்ய வேண்டும் என்றார். இதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னார். வந்த லொறி வீணாகக் கூடாது என்பதற்காக ஒரு உயிரை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அழுதுகொண்டே சொல்கிற மனுஷரை நான் அங்கேதான் பார்த்தேன்.

தங்கச்சி புருஷன் மறுத்துப் பேசவில்லை. டொக்டரிடம் கேட்டுப் பார்ப்போம் என்றார். என் பிள்ளை என்றால் நான் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கியிருப்பேன். ஆனால் பெற்றவர்கள் அவர்கள். நான் பெரியம்மா. வாய் மட்டும்தான் எனக்குச் சொந்தம்.

டொக்டர் வந்தார். நான் மொழிபெயர்த்தேன். எனக்குப் பிடிக்காததையும் மாற்றாமல் சொன்னேன். பிள்ளையைக் கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள் என்றேன். டொக்டரின் முகம் மாறியது. மெஷினை எடுத்தால் அந்த வாசல் வரைக்கும்கூடத் தாங்க மாட்டாள், நேற்றை விட இன்றைக்குக் காற்றுக் கொஞ்சம் நன்றாகப் போகிறது, தயவு செய்து அவளுக்கு நேரம் கொடுங்கள் என்றார். இதையெல்லாம் முதலிலேயே அப்பாவிடம் யாரும் சொல்லவில்லையா என்று நர்ஸைப் பார்த்துக் கேட்டார். நர்ஸ் என்னைப் பார்த்தார். முதல் நாள் அவர் வந்த நேரத்துக்கு அந்தப் பெரிய கட்டடத்தில் டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல இருந்தது, சாப்பாடு வாங்கப் போயிருந்த நான் ஒருத்திதான்.

எல்லோரும் தங்கச்சி புருஷனைப் பார்த்தார்கள். அவர் தலைவரைப் பார்த்தார். அப்போது தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"உச்சி துடிக்குதுங்க. நான் தொட்டுப் பாத்தேன். நீங்க தொட்டீங்களா?"

அவர் மறுபடியும் தலைவர் பக்கம் திரும்பினார்.

"தொட்டுட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் தூக்கிட்டுப் போறதுன்னா போங்க."

நர்ஸ் அவரை உள்ளே கூட்டிப் போனார். வெகு நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரம். நேரே தலைவரிடம் போய், "நீங்க போங்க மாமா" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷர் மீது எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போனது. மீதிப் பாதி இருக்கிறது.

போகும்போது தலைவருக்கு ஒரு கவலை வந்தது. பெட்டியை வெறுமனே வீட்டுப் பக்கம் கொண்டு போகக் கூடாதாம், தரித்திரமாம். உங்கள் வீட்டில் வைத்து அரிசி கொட்டி வையுங்கள் என்றேன். அவர் லொறியில் ஏறிக்கொண்டார். வெட்டின குழியையும் சும்மா மூடக் கூடாது என்று அன்றைக்கே ஒரு வாழைத் தண்டை உள்ளே வைத்து மூடினார்களாம். என் தங்கச்சி மகளுக்குப் பதிலாக ஒரு வாழைத் தண்டு அந்த மலையில் அடக்கமாகியிருக்கிறது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள்.

பிள்ளை பிழைத்தாள். ஒரே நாளில் இல்லை. நடுநடுவே மறுபடியும் மோசமானாள், காய்ச்சல் வந்தது, நாங்கள் வராண்டாவிலேயே குடியிருந்தோம். அதிர்கிற மெஷினிலிருந்து சாதாரண மெஷினுக்கு, அதிலிருந்து மூக்கில் வைக்கிற குழாய்க்கு என்று படிப்படியாக இறக்கினார்கள். தொண்டைக் குழாயை எடுத்த அன்றைக்கு அவள் அழுதாள். குரல் கம்மிப் போய், பூனைக் குட்டி மாதிரி ஒரு சத்தம். அந்த நர்ஸ் கதவைத் திறந்து எங்களைக் கேட்க வைத்தார். என் கடை முதலாளி, லீவு கேட்டுப் போன் பண்ணும்போதெல்லாம் முதலில் பிள்ளையைப் பற்றித்தான் கேட்பார். சுகமாகி வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்குக் கடை வேனையே அனுப்பி வைத்தார். தோட்டத்துக்காரர்களைப் பற்றி இவ்வளவு பேசிய நான் அவரைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? கிளாக்கரிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "சாவுக்கு லொறி குடுக்கிறது தோட்டத்து வழக்கம்மா. அந்தக் காலத்துல இருந்து இருக்கு. நோயாளிக்கு அப்புடி வழக்கம் இல்லியே" என்றார். பொறுமையாக, பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. எங்கள் ஆட்களிடமும் கேட்டேன். செத்தால் லொறி, பலகை, லீவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அதெல்லாம் எங்கள் உரிமை, விட்டுக் கொடுக்க மாட்டோம் என்றார் தலைவர். உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன உரிமை என்றேன். அதற்கு ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்றார். சாகிறதற்கு இவ்வளவு ஏற்பாடாக இருக்கிற ஜனம், பிழைப்பதற்கு ஒரு தரம்கூட வாயைத் திறந்து கேட்டதில்லை. துரை மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் எங்கள் மேலும்.

அடுத்த குளிர்காலத்தில் அதே லயத்தில், கோடிக் காம்பராவில், இன்னொரு கைக்குழந்தைக்கு அதே சளி. நான் அன்றைக்கு அங்கே இல்லை. தங்கச்சி போய்ப் பார்த்திருக்கிறாள். நெஞ்சில் குழி விழுவதைப் பார்த்ததும் அவள் டிஸ்பென்சரிக்குப் போகச் சொல்லவில்லை, கிளாக்கர் வீட்டுக்கும் போகவில்லை. அந்தத் தாயையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு நேரே பேக்டரிக்குப் போய், லொறியின் முன் சீட்டில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஓடி வந்து, தொரை ஓடர் இல்லாம எப்புடிம்மா என்று கெஞ்சியிருக்கிறார்.

"பொணம்னு நெனச்சிக்கிட்டு ஓட்டுங்கண்ணே" என்றாளாம்.

அவர் கிளாக்கர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாராம். பிறகு ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டாராம். அந்தப் பிள்ளைக்கு மெஷின் தேவைப்படவில்லை, நேரத்தோடு போனதால் ஒட்சிசனோடு சரியாகிவிட்டது. டிரைவருக்கு வேலையும் போகவில்லை.

அந்தத் தோட்டத்தில் இப்போது இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், வாயில்லாப் பூச்சி எப்படிப் பேசிவிட்டாள் பார் என்று பெருமைப்படுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளைக்கு வண்டி வேண்டுமென்றால், அதைப் பிணம் என்று சொல்லித்தான் எங்கள் மலையில் கேட்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.